சின்ன சென்சரா, ஃபுல் ஃப்ரேமா: வாங்க முன் இரண்டு கமராவை ஒப்பிடும் முறை

சொனி ஏ6400, சொனி ஏ7-3 இரண்டும் 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கமராக்கள். முதலாவது 2019இல் வந்த ஏபிஎஸ்-சி, அதாவது ஒளியைப் பதியும் சென்சர் சின்னது. மற்றது 2018இல் வந்த ஃபுல் ஃப்ரேம், அதன் சென்சர் பெரியது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கல்யாண வேலை தொடங்குகிறவர்களுக்கும், வாவிக்கரையிலும் குமணையிலும் பறவை எடுக்கப் போகிறவர்களுக்கும் இப்படி ஒரு சோடியில் எதை எடுப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். கனொன், நிக்கொன் என்று வேறு சோடியாக இருந்தாலும் இங்கே சொல்லும் முறை மாறாது. எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். லென்ஸின் மிமீயை ஃபுல் ஃப்ரேம் கணக்குக்கு மாற்றப் பெருக்க வேண்டிய எண் சொனி, நிக்கொன் ஏபிஎஸ்-சிக்கு 1.5, கனொனுக்கு 1.6.

முதலில் சரிசெய்ய வேண்டியது ஒப்பீட்டையேதான். ஏ6400ஐப் பெட்டியோடு வரும் 16-50 லென்ஸோடு பார்ப்பார்கள். ஏ7-3ஐ ஒரு நண்பரின் 28-75 எஃப் 2.8 லென்ஸோடு பார்ப்பார்கள். இரவு மண்டபத்தில் இரண்டாவது படம் பளிச்சென்று இருக்கும். உடனே “ஃபுல் ஃப்ரேம் என்றால் ஃபுல் ஃப்ரேம்தான்” என்ற முடிவு வந்துவிடும். கணக்கைப் பாருங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக ஒளி விடும், ஒரு ஸ்டொப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. 16-50 முழுக்க நீட்டினால் எஃப் 5.6. மற்றது எஃப் 2.8. அந்த இரண்டு ஸ்டொப்பில் மட்டும் 4 மடங்கு ஒளி வித்தியாசம். சென்சர் பரப்பு வித்தியாசம் அதன் மேல் ஏறத்தாழ 2¼ மடங்கு. மொத்தம் 9 மடங்கு. கண்ணுக்குத் தெரிந்த அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு லென்ஸினுடையது, பொடியினுடையது (லென்ஸ் இல்லாத கமராவினுடையது) அல்ல. ஆகவே ஒரு பொடியை இன்னொரு பொடியோடு ஒப்பிடாதீர்கள். ஒரே படத்தை எடுக்க ஒவ்வொரு பக்கத்திலும் என்னென்ன வேண்டும் என்று முழு செட்டாக எழுதி, விலையையும் எடையையும் கூட்டுங்கள்.

கல்யாணத்துக்கு ஏ6400 (403 கிராம்) எடுத்தால் சிக்மா 18-50 எஃப் 2.8 (290 கிராம்) பொருந்தும். மொத்தம் 700 கிராமுக்குள் முடிகிறது. ஏ7-3 (650 கிராம்) என்றால் டாம்ரன் 28-75 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு (540 கிராம்), மொத்தம் 1,190. காட்சியின் அகலம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒளியில் ஏ7-3க்கு ஒரு ஸ்டொப்பும் கொஞ்சமும் கூடுதல். அந்த ஒரு ஸ்டொப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி.

தனி ஆள் படத்துக்கு இடைவெளி இன்னும் சுருங்கும். ஏ6400இல் சிக்மா 56 எஃப் 1.4 போட்டால், ஃபுல் ஃப்ரேமில் 84 மிமீ எஃப் 2.1 தரும் பார்வையும் பின்னணி மங்கலும் கிடைக்கும். ஏ7-3இல் சொனி 85 எஃப் 1.8. பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் மணமக்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பறவைக்குப் போனால் கதை மாறும். ஏ6400இல் சொனி 70-350 (625 கிராம்) மாட்டினால் 525 மிமீ வரை எட்டும், முழு செட்டும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதே எட்டத்துக்கு ஏ7-3இல் 200-600 வேண்டும். லென்ஸ் மட்டுமே 2.1 கிலோ, பொடியோடு 2.7ஐத் தாண்டும். விடிகாலை மங்கல் வெளிச்சத்தில் அது கூடுதல் ஒளி தரும் என்பது உண்மைதான். ஆனால் குமண வில்லுப் பக்கம் மஞ்சள் மூக்கு நாரைக்காகக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கப் போகிறவர் எடையை யோசித்தே ஆக வேண்டும்.

சோதனை

இரண்டு கமராவையும் ஒரே மாலையில் கையில் எடுக்க முடிந்தால், ஊகத்துக்கு இடமில்லாமல் இதைச் செய்யலாம். கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் இரவுக் கோயில், கூத்துக் களரி, பிறந்தநாள் மண்டபம் எதுவும் சரி. மங்கலான, மாறாத வெளிச்சமும் அசையாமல் நிற்க ஓர் ஆளும் போதும்.

ஏ7-3இல் 50 மிமீ, ஏ6400இல் 33 அல்லது 35 மிமீ வைத்து, ஒரே இடத்தில் நின்று ஒரே சட்டகம் வரும்படி பாருங்கள். இரண்டையும் மேனுவலில், ரோ பதிவில் (கமரா திருத்தாத மூலப் பதிவு), ஒரே வைட் பலன்ஸில் வையுங்கள். ஷட்டர் 1/100 செக்கன். முதல் சுற்றில் இரண்டிலும் எஃப் 2.8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 6400. கணினியில் ஒரே அளவில் திறந்து, கறுப்புத் தலைமுடியையும் நிழலில் உள்ள சேலை மடிப்பையும் பாருங்கள். ஏ7-3 சுத்தமாக இருக்கும். இரண்டாம் சுற்றில் ஏ6400ஐ எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200இல் வைத்து, ஏ7-3ஐ எஃப் 4, ஐஎஸ்ஓ 6400க்கு மாற்றுங்கள். வெளிச்சம், பின்னணி மங்கல், மங்கல் வெளிச்சப் படத்தில் தூவினாற்போல் தெரியும் புள்ளி மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். இந்த இரண்டு சுற்றையும் சொந்தக் கண்ணால் பார்த்தவருக்கு அதன் பிறகு எந்த விளம்பரமும் தேவைப்படாது.

ஜேபெக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கமரா தானே புள்ளியை அழித்துவிடும், எவ்வளவு அழிக்கிறது என்பது மொடலுக்கு மொடல் வேறு. போன் திரையில் பார்ப்பதும் அப்படித்தான். அங்கே எல்லாம் நல்லாகத்தான் தெரியும்.

1/100 வைக்கச் சொன்னதற்குக் காரணம் நம்முடைய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பது. 1/125, 1/160 என்று போனால் சில எல்ஈடி, டியூப் விளக்குகளின் கீழ் படத்துக்குப் படம் நிறமும் வெளிச்சமும் மாறும். சைலன்ட் ஷட்டரைப் போட்டால் இரண்டு கமராவிலும் குறுக்குக் கோடுகள் விழலாம், சென்சரை மேலிருந்து கீழாக வாசிக்க அவை எடுக்கும் நேரம் அதிகம். மண்டபத்தில் அதை அணைத்தே வையுங்கள்.

பொடி தரும் வித்தியாசம்

லென்ஸால் ஈடுகட்ட முடியாத சில விஷயங்கள் உண்டு. காசு கொடுக்க நினைத்தால் இவற்றுக்காகக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரியது இரண்டாவது கார்ட் இடம். ஏ7-3 ஒரே படத்தை இரண்டு எஸ்டி கார்டிலும் எழுதும். ஏ6400இல் ஒன்றுதான். தாலி கட்டும் நேரமோ நிக்காஹ் ஒப்பமோ திரும்ப வராது, கார்ட் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் செத்துப்போகும். காசு வாங்கிக் கல்யாணம் எடுப்பவருக்கு எங்கள் முடிவு இந்த ஒரு காரணத்துக்காகவே ஏ7-3 பக்கம்தான். ஒரு கார்ட் கமராவோடுதான் தொடங்க வேண்டியிருந்தால் 128 ஜிபி ஒன்றுக்குப் பதில் 32 ஜிபி நான்கு வாங்கி, ஒவ்வொரு சடங்குக்கும் மாற்றுங்கள்.

அடுத்தது பட்டரி. கம்பனி அளவீட்டில் ஏ6400க்கு ஒரு சார்ஜில் சுமார் 410 படம், ஏ7-3க்கு 710. ஏ6400க்குக் குறைந்தது மூன்று பட்டரியின் விலையைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஏ7-3இன் பொடிக்குள் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறது, ஏ6400இல் இல்லை. அசையாத கோபுரத்தையோ கல்லடிப் பாலத்தின் இரவு விளக்குகளையோ கையில் பிடித்து 1/15இல் எடுக்க அது உதவும். ஆடுகிற கூத்துக்காரரை நிறுத்தி எடுக்க அது துளியும் உதவாது. அதற்கு 1/250 வேண்டும், எஃப் எண் குறைந்த லென்ஸ் வேண்டும்.

பிளாஷ் பாவிப்பவர்கள் ஒத்திசைவு வேகத்தை, அதாவது பிளாஷோடு பாவிக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகத்தை, பார்க்க வேண்டும். ஏ6400க்கு 1/160, ஏ7-3க்கு 1/250. பிளாஷை இயக்கும் மலிவான டிரிகர் மாட்டி ஏ6400இல் 1/250 வைத்தால் படத்தின் ஒரு விளிம்பில் கறுப்புப் பட்டி விழும். பிளாஷ் பழுதென்று எண்ணிக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள், ஷட்டரைக் குறைத்தாலே போய்விடும்.

சின்னது வெல்லும் இடங்களும் இருக்கின்றன. ஓடுகிற பிள்ளையையோ அறுகம்பையில் அலைச்சறுக்குகிறவரையோ விடாமல் பின்தொடரும் ‘ரியல் டைம் டிராக்கிங்’ ஏ6400இல் உண்டு, ஏ7-3க்கு அது வரவேயில்லை. பறவையின் கண்ணைத் தனியாக அடையாளம் காண்பது இரண்டிலும் கிடையாது. அது வேண்டுமென்றால் 2023இல் வந்த ஏ6700ஐப் பாருங்கள். அதில் பொடி ஆட்டத்தடுப்பும் ஏ7-3இன் பெரிய பட்டரியும் சேர்ந்தே வருகின்றன, கார்ட் இடம் மட்டும் ஒன்றுதான்.

வீடியோவில் ஏ6400இன் திரை முன்பக்கம் திரும்பும், நீளமாகப் பதிவு செய்யலாம். ஏ7-3 29 நிமிடத்தில் நின்றுவிடும், ஆனால் ஹெட்போன் துளை அதில்தான் உண்டு. இரண்டையும் மெனுவில் பால் (PAL) வீடியோ முறைக்கு மாற்றி, செக்கனுக்கு 25 ஃப்ரேமில் எடுங்கள். விளக்கும் துடிக்காது, 4கே முழு அகலமும் கிடைக்கும். 30 ஃப்ரேமுக்குப் போனால் இரண்டிலுமே ஓரங்கள் வெட்டுப்படும். ஏ6400ஐ வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால் தூண்கள் சாயும். நேர்காணல் எடுப்பவருக்கு அது பொருட்டில்லை, மோட்டார் சைக்கிள் எடுப்பவருக்குப் பொருட்டு.

“இப்போது சின்னது, பிறகு பெரியது” என்று திட்டமிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 18-50, 56, 70-350 போன்ற ஏபிஎஸ்-சி லென்ஸ்கள் ஏ7-3இல் பூட்டும்தான், ஆனால் சென்சரின் நடுப்பகுதி மட்டும் வேலை செய்து 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும். ஒரு வருடத்தில் மாறும் எண்ணம் உறுதி என்றால் முதல் லென்ஸையே ஃபுல் ஃப்ரேமுக்கு உரியதாக வாங்குங்கள்.

பாவித்த கமரா பார்க்கும்போது

சொந்தக் கார்டும் சார்ஜ் ஏற்றிய பட்டரியும் கொண்டு போங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சரில் உள்ள தூசியும் கறையும் தெரியும். தூசி என்றால் ஊதினால் போகும். ஓரம் தெளிவான, நகராத புள்ளி கீறலாக இருக்கலாம். லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து போன் டோர்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளைவிட்டுத் தெரிந்தால் அது பூஞ்சணம், விலை குறைத்தாலும் வேண்டாம். கடற்கரையோரம் பாவித்த கமராவில் ஹொட்ஷூவின் (மேலே பிளாஷ் மாட்டும் இடம்) உலோகம், திருகுத் தலைகள், பட்டரி மூடியின் உள்முனைகள் மூன்றையும் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்பு உள்ளேயும் போயிருக்கும். டயல் ஒவ்வொன்றையும் மெதுவாகச் சுற்றி, எண் தாவுகிறதா என்று பாருங்கள்.

ஒரு ஜேபெக் எடுத்து அதன் உள்தகவலில் ஷட்டர் எண்ணிக்கையைப் பார்க்கலாம். ஏ7-3இன் ஷட்டரை 200,000 தடவைக்குச் சோதித்ததாக சொனி சொல்கிறது. கல்யாணக்காரரின் கமரா அதை நெருங்கியிருந்தால் ஷட்டர் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கடைசியாக மெனுவைத் திறந்து மொழியைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சொனி பொடிகளில் ஜப்பானிய மொழி தவிர வேறொன்றும் இருக்காது, முறையாக மாற்றவும் வழியில்லை. விலை ஏன் குறைவு என்று கேட்டால் சிலர் அதைச் சொல்வதில்லை. காசு கொடுக்க முன் அந்த ஒரு திரையை நீங்களே திறந்து பாருங்கள்.