எச்டிடிபி ஹெடர்களை நீங்களே பிரிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

நன்கு புழங்கிய லைப்ரரி கையில் இருக்கும்போது எச்டிடிபி ஹெடர்களை (ரிக்வெஸ்டின் தலையில் ‘பெயர்: மதிப்பு’ என்று வரும் வரிகளை) நாமே பிரிக்கத் தேவையில்லை. ஆனாலும் சின்ன ப்ராக்ஸி (ரிக்வெஸ்டை வாங்கி உள்ளே இருக்கும் சர்வருக்குக் கடத்தும் நிரல்), டெஸ்ட் சர்வர், மைக்ரோகன்ட்ரோலர் என்று ஏதாவது ஒரு வேலையில் எழுத வேண்டி வந்துவிடும். அப்போது பலரும் எழுதுவது இதுதான்: சாக்கெட்டில் வந்ததை ஸ்ட்ரிங்காக மாற்று, வரி வரியாக வெட்டு, கோலனில் பிரி, டிக்‌ஷனரியில் போடு. நான்கு படியிலும் ஓட்டை இருக்கிறது.

வெட்டுவதில் இருக்கும் ஓட்டைதான் பெரியது. பைத்தானில் பைட்டுகளை லத்தீன்-1 ஆக (ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து) டிகோட் செய்து, வரிகளாக வெட்டும் ஸ்ப்ளிட்லைன்ஸ் போட்டால், எச்டிடிபியில் வரி முடிவைக் குறிக்கும் 13, 10 என்ற பைட்டுகளில் மட்டும் வெட்டாது. 11, 12, 28, 29, 30, 133 எல்லாமே அதற்கு வரி முடிவுதான். நம் ‘அ’ யூடிஎஃப்-8இல் 224, 174, 133 என்ற மூன்று பைட். ஒரு ஹெடரில் ‘அருள்’ என்று பெயர் வந்தால் முதல் எழுத்தின் கடைசி பைட்டிலேயே வரி முறிந்து, ‘ருள்’ தனி வரியாகிவிடும். கோலன் இல்லாத அந்த வரியில் நிரல் விழுந்தால்கூட நல்லது, தவறு தெரிந்துவிடும். ஒருவர் வேண்டுமென்றே 133ஐ வைத்து, அதன் பின்னால் ‘எக்ஸ்-அட்மின்: 1’ என்று எழுதினால்? எக்ஸ்-அட்மின் அட்மின் உரிமை தரும் ஹெடர் என்று வையுங்கள்; வெளியாள் அனுப்பும் எக்ஸ்-அட்மினை நீக்குவது முன்னால் நிற்கும் ப்ராக்ஸியின் வேலை. அதன் கண்ணுக்கு இது வேறொரு ஹெடரின் மதிப்பு, விட்டுவிடும். உங்கள் நிரலுக்கோ அது தனி ஹெடர்.

ஒரே பைட்டுகளை இரண்டு நிரல்கள் இரண்டு விதமாகப் படிப்பதில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. ஆகவே கடைசிவரை பைட்டாகவே வைத்திருங்கள். 13-10 ஜோடியில் மட்டும் வெட்டுங்கள். மதிப்பின் ஓரங்களில் 32 (ஸ்பேஸ்), 9 (டேப்) இரண்டை மட்டும் நீக்குங்கள். 13 தனியாக வந்தால் 400 (தவறான ரிக்வெஸ்ட் என்ற பதில்) அனுப்பிவிடுங்கள். 10 தனியாக வந்தால் ஏற்கலாம் என்று 2022இல் வந்த எச்டிடிபி/1.1 தர ஆவணமான ஆர்எஃப்சி 9112 இடம் தருகிறது. நான் ஏற்க மாட்டேன்.

கோலனில் பிரிக்கும்போது முதல் கோலனோடு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஹோஸ்ட் ஹெடரில் போர்ட் எண் போய்விடும். ஹெடர் பெயருக்கும் கோலனுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் துடைத்துவிட்டு ஏற்கக் கூடாது. அதற்கும் 400தான்.

அடுத்தது, ஹெடர்களுக்குப் பின் வரும் உள்ளடக்கம் எத்தனை பைட் என்று சொல்லும் கன்டென்ட்-லெங்த். பைத்தானின் இன்ட் ஃபங்‌ஷன் ‘+12’, ‘1_2’ இரண்டையும் 12 என்றே படிக்கும். யூடிஎஃப்-8ஆக டிகோட் செய்திருந்தால் தமிழ் எண்களில் ‘௧௨’ என்று எழுதினாலும் 12தான்! இலக்கமா என்று பார்க்கும் இஸ்டிஜிட் வைத்துச் சோதித்தாலும் தமிழ் எண் தப்பிவிடும். 48 முதல் 57 வரையுள்ள பைட்டுகள் (0 முதல் 9) மட்டும்தானா என்று நீங்களே பாருங்கள்.

டிக்‌ஷனரியில் நேராகப் போட்டால் ஒரே பெயரில் வந்த இரண்டாவது ஹெடர் முதலாவதை அழித்துவிடும். மதிப்பு வேறுபடும் இரண்டு கன்டென்ட்-லெங்த் வந்தால் ப்ராக்ஸி ஒன்றை நம்பும், நீங்கள் மற்றொன்றை நம்புவீர்கள். மிச்சமாகும் பைட்டுகள் அதே இணைப்பில் அடுத்து வருபவரின் ரிக்வெஸ்டோடு ஒட்டிக்கொள்ளும். ரிக்வெஸ்ட் ஸ்மக்லிங் என்று 2005இலேயே விளக்கப்பட்ட தாக்குதல் இது. 2019இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜேம்ஸ் கெட்டில் மறுபடி எடுத்துக் காட்டியபோதும் பெரிய தளங்கள் அகப்பட்டன. கன்டென்ட்-லெங்த்தும், உள்ளடக்கம் எந்த வடிவில் (பெரும்பாலும் துண்டுகளாக) வருகிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்கும் சேர்ந்து வந்தாலும் இதே கதைதான். மறுத்துவிட்டு இணைப்பை மூடுங்கள். ஹோஸ்ட் இல்லாமலோ இரண்டாகவோ வந்தாலும் மறுக்க வேண்டும். பெயர்களைச் சிற்றெழுத்தாக்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

அளவுக்கும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். அப்பாச்சி வெப் சர்வரில் ஒரு ஹெடருக்கு 8190 பைட், மொத்தம் 100 ஹெடர் என்பது இயல்பான வரம்பு. உங்கள் வரம்பை மீறினால் 431 (ஹெடர் மிகப் பெரிது என்ற பதில்) அனுப்புங்கள்.

ஒருமுறை படித்தாலே முழு ஹெடரும் வந்துவிடும் என்றும் நம்பாதீர்கள்; அடியில் பைட்டுகளைக் கடத்தும் டிசிபி துண்டு துண்டாகத் தரும், 13-10 ஜோடியே நடுவில் பிரிந்து வரலாம். டெஸ்ட் எழுதும்போது ஒரு ரிக்வெஸ்டை மொத்தமாக ஒருமுறையும், ஒவ்வொரு பைட்டாக ஒருமுறையும் ஊட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வர வேண்டும்.