பித்தளை வாத்தியம் வாசிப்பவர்களுக்கு டிஜெரிடூ

டிஜெரிடூ ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழாய் வாத்தியம். டிராம்போன் பழகிய வாயோடு அதை எடுத்தால் முதல் ஊதலிலேயே சத்தம் வந்துவிடும். உதட்டை அதிரவைக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் வருவது டிஜெரிடூ சத்தமாக இருக்காது, அடிக்குரலில் முனகும் டிராம்போனாகத்தான் இருக்கும். உதட்டில் அவ்வளவு இறுக்கம். டூபாக்காரர்கள் இதைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். அவர்கள் மவுத்பீஸின் உள்விட்டம் சுமார் 32 மி.மீ., டிஜெரிடூவின் வாயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டிரம்பெட்காரர்கள் பாவம், 17 மி.மீ. வட்டத்துக்குள் வாழ்ந்த உதட்டை இத்தனை தளர்த்த மனசே வராது.

கரையான் குடைந்த யூகலிப்டஸ் மரக் கருவியை எடுத்ததும் வாங்க வேண்டாம். 1.2 மீட்டர் நீளம், 4 செ.மீ. உள்விட்டம் உள்ள பிவிசி குழாய் போதும். சுருதி சி ஷார்ப், டி பக்கம் நிற்கும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, உள்ளங்கைச் சூட்டில் பிசைந்த தேன்மெழுகை வளையமாக ஒட்டி, துளையை 30 மி.மீ. அளவுக்குக் குறுக்குங்கள். டிராம்போன் மவுத்பீஸைச் செருகிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். அதன் குறுகிய தொண்டை உங்கள் வாய்க்கும் குழாய்க்கும் நடுவே அடைப்பு மாதிரி நின்றுவிடும்.

குதிரை உதட்டைப் படபடக்க விடுமே, அப்படி ஊதுங்கள். மெழுகை உதட்டில் அழுத்த வேண்டாம், காற்று கசியாமல் ஒட்டினால் சரி. நுனி உதட்டை இறுக்கினால் அடுத்த ஸ்வரத்துக்குத் தாவும், ஆனால் நாம் எதிர்பார்க்கும் எட்டாவது ஸ்வரத்துக்கு அல்ல. நேர்க்குழாயில் அது பன்னிரண்டாவது ஸ்வரம். அடி விரிந்த மரக் கருவியில் இன்னும் கீழே இறங்கி வரும்.

அப்புறம் சர்குலர் பிரீத்திங், அதாவது ஊதலை நிறுத்தாமலே மூக்கால் மூச்சை இழுப்பது. கன்னத்தை உப்பாதே என்று ஆசிரியர் சொன்னதை இங்கே மறந்துவிடுங்கள். முதலில் குழாய் இல்லாமல்: வாய் நிறையத் தண்ணீர் வைத்து, கன்னத்தை மட்டும் அழுத்தி மெல்லிய தாரையாக வெளியே விடுங்கள்; தாரை அறுபடாமல் மூக்கால் சட்டென்று உறிஞ்சுங்கள். அது வந்த பிறகு அதையே காற்றை வைத்துச் செய்யுங்கள். டிரம்பெட்டின் எதிர்ப்பு இதில் இல்லாததால் கன்னத்துக் காற்று சீக்கிரம் காலியாகிவிடும். ஆகவே உறிஞ்சல் சின்னதாக இருக்கட்டும், நுரையீரல் வற்றும் வரை காத்திருக்க வேண்டாம். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: அடிக்கடி உறிஞ்சினால் நெஞ்சு நிரம்பி முட்டும். நடுநடுவே சற்று உரக்க ஊதிக் காலி செய்யுங்கள். கன்னம் தள்ளும் அந்தக் கணத்தில் சத்தம் லேசாக மாறுவதை மறைக்கப் பார்க்காதீர்கள். தாளமே அதிலிருந்துதான் பிறக்கிறது.

சுருதி நிலையாக நிற்க ஆரம்பித்ததும் நாக்கை நகர்த்தி, ‘ஈ’, ‘ஊ’ சொல்வதுபோல வாயை மாற்றிப் பாருங்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2005ல் இதன் காரணத்தைக் காட்டினார்கள்: வாய்க்குள் எழும் ஒத்ததிர்வு 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் சில அலைவரிசைகளை அமுக்கிவிடுகிறது, மிஞ்சுவதே நமக்கு உயிரெழுத்தாகக் கேட்கிறது. ஊதிக்கொண்டே பாடுவது நமக்குப் பழக்கமானதுதான். சுருதிக்கு பஞ்சமத்தில் பாடினால் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஸ்வரம் உறுமும். எனக்கு இந்தக் கருவியில் ரொம்பப் பிடித்த இடம் இது.

வட ஆஸ்திரேலியாவில் உள்ள ஆர்னெம் லேண்டின் யோல்ங்கு பழங்குடி மக்கள் இதை யிடாகி என்பார்கள். அவர்களின் சடங்குப் பாடல்கள் அந்தந்தக் குலத்துக்குச் சொந்தமானவை. கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், எடுத்து மேடையேற்றாதீர்கள்.

கடைசியாக, பயிற்சி வரிசை. முதலில் உங்கள் முதன்மை வாத்தியம், பிறகு டிஜெரிடூ. தலைகீழாகச் செய்தால் தளர்ந்த உதடு மேல் ஸ்தாயியில் சொன்னபடி கேட்காது. கச்சேரி நாளில் குழாயைத் தொடவே வேண்டாம்.