மாரித் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்காணித் திட்டத்தின் சுற்றாடல் அறிக்கையை வாசிக்கும் விதம்

ஆரையம்பதிப் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு பள்ளக்காணி இருக்கிறது. மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கந்தோர்க் கடிதத்தில் அது களப்பு. ஆடி ஆவணியில் அந்தக் காணியில் மாடு மேயும், பொடியன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள். மார்கழியில் அதே இடத்தில் தோணி தள்ளலாம். 11 ஏக்கர். அதை மேடாக்கி, 10 பேர்ச் துண்டுகளாகப் பிரித்து, வீடு கட்டி விற்பதற்கு ஒரு திட்டம் வந்தது. அதன் சுற்றாடல் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: காணியினூடாக இயற்கை வடிகால் எதுவும் செல்லவில்லை.

கள ஆய்வு நடந்த மாதத்தைத் தேடிப் பார்த்தேன். ஆகஸ்ட். அவர்கள் பொய் எழுதினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆகஸ்டில் அங்கே வடிகால் இல்லைதான்.

நான் சட்டம் படித்தவனல்ல, காணிப் படம் வரைந்து ஓய்வுபெற்றவன். அந்த அறிக்கையோடு மல்லுக்கட்டியதில் படித்ததை, உங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று வந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் பார்க்கவேண்டியது, திட்டம் எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்பது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தில், 1988இல் செய்த திருத்தம்தான் பெரிய திட்டங்களுக்கு முன்கூட்டிய மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. எவை பெரிய திட்டங்கள் என்ற பட்டியல் 1993 ஜூன் மாதத்து 772/22ஆம் இலக்க வர்த்தமானியில் இருக்கிறது. வீடுகள் என்றால் 1000க்கு மேல் இருக்கவேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 பேர்ச் வீதம் 1000 துண்டு என்றால், ஒழுங்கை தெருக்களைச் சேர்க்காமலே 62½ ஏக்கர். எங்கள் பக்கத்தில் ஒரே துண்டாக அவ்வளவு காணிக்கு எங்கே போவது? அதனால் "இது வீட்டுத்திட்டம், 1000 வீடு இல்லை, மதிப்பீடு தேவையில்லை" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். அதே பட்டியலில் ஈரநிலத்தை நிரப்புவது 4 ஹெக்டேயருக்கு மேற்பட்டால் என்று ஒன்று உண்டு. காடு வெட்டுவது ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்டால் என்று இன்னொன்று. நமக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் இந்த ஈரநிலக் கணக்குத்தான்.

4 ஹெக்டேயர் என்பது 9.88 ஏக்கர். இந்த எண்ணை மறக்காதீர்கள். இன்னோர் ஊரில் ஒருவர் கொண்டுவந்த திட்டம் சரியாக 9½ ஏக்கர். பக்கத்தில் மச்சானின் பெயரில் இன்னொரு 6 ஏக்கர், அதே தெரு, அதே வடிகால், அதே பெக்கோ. இப்படிப் பட்டால் இரண்டு காணியின் அளவைப் படத்தையும் ஒட்டிவைத்து, இது ஒரே திட்டம் என்று எழுத்தில் கேட்கவேண்டும்.

ஆற்றங்கரைக் காணி என்றால் இன்னொரு சட்டமும் வரும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி கடற்கரையில் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் கடலோடு தொடுக்கும் களப்பின் ஓரத்தையும் 100 மீற்றர் வரை சேர்த்துக்கொண்டது. காணி முழுவதும் அந்த வலயத்துக்குள் இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களம்தான் பார்க்கும். பள்ளம் வயலாக இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். கமநல சேவை நிலையத்துக்கு ஒருமுறை நடந்து போய், அந்தக் காணி வயற் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடலாம்.

அப்புறம் அறிவித்தல். முழு மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிக்கு ஒரு பத்திரிகையிலும் போடுவார்கள். அன்றிலிருந்து 30 நாள் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். நான் 19 நாள் போன பிறகுதான் அறிந்தேன், அதுவும் சலூனில் முடிவெட்டப் போன இடத்தில் கிடந்த பழைய பேப்பரில். மிச்சம் 11 நாள். அன்றைக்குத் தொடங்கி, பிரதேச செயலக அறிவித்தல் பலகையைக் கிழமைக்கு ஒருதரம் பார்ப்பதற்கு எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு தம்பியை வைத்திருக்கிறோம்.

சிறிய அறிக்கை, அதாவது ஆரம்பச் சுற்றாடல் பரிசீலனை மட்டும் என்றால், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்கள் கருத்துக்கென்று காலம் இல்லை. ஆனால் அது பொது ஆவணம், யாரும் போய்ப் பார்க்கலாம். பார்த்துவிட்டுக் கடிதம் எழுதினால் யாரும் தடுக்கமாட்டார்கள்.

அறிக்கையைக் காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பதிலுக்கு 14 வேலை நாள் உண்டு. சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்தால் கிட்டத்தட்ட மூன்று கிழமை. உங்கள் 30 நாளில் பெரும்பங்கு அதிலேயே கரைந்துவிடும். ஆகவே கேட்பதை முதல் நாளே கேட்டுவிடவேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் முன்னுரையில் தொடங்காதீர்கள். முன்னுரையும் சுருக்கமும் எல்லா அறிக்கையிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நேராகக் கடைசிக்குப் போய் இணைப்புப் படங்களை எடுங்கள். சமவுயரக் கோட்டுப் படம் இருக்கிறதா? கோடுகள் காணியின் எல்லையோடு நின்றுவிடுகின்றனவா? நின்றால் அந்தப் படத்தால் பயனில்லை. தண்ணீர் எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. மேலே எந்த வயலிலிருந்து வருகிறது, கீழே எந்தத் தோணாவுக்கு, அதாவது வெள்ளம் வடியும் ஓடைக்கு, அல்லது மதகுக்குப் போகிறது என்று வெளியிலும் சில நூறு மீற்றர் காட்டியிருக்கவேண்டும். அடுத்து கள ஆய்வு நடந்த திகதி. நமக்கு மழை முக்கியமாகக் கார்த்திகை தொடங்கித் தை வரை. மாரியில் ஒரு தரமாவது வந்து பார்க்காத அறிக்கை மட்டக்களப்புக்கு அரை அறிக்கை.

மரம் செடி, பறவை அத்தியாயத்தை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன், அது எனக்குக் கைவராத விடயம். கரையில் கண்டல் நின்றால் மட்டும் அதன் எல்லையை மீன்பிடிக்காரர் யாரையாவது கூட்டிப்போய்ச் சரிபாருங்கள்.

இனி வெளிவேலை. எங்கள் வைரவர் கோயில் மதிலில் 2011 ஜனவரி வெள்ளத்தின் கறை இன்னும் கோடாக இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தாலும் மேலே கிளம்பி வரும். அந்தக் கறை இந்தக் காணிக்கு எவ்வளவு மேலே என்று அறியவேண்டும். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர் ரியூப் போதும். என் மருமகன் மேசன் வேலைதான். நான் ஒரு நுனியைக் கறையில் பிடிக்க, அவர் மறு நுனியைத் தெருவில் நின்ற தூணில் பிடித்துப் பென்சிலால் குறித்தார். பிறகு அந்தக் குறியிலிருந்து அடுத்த தூணுக்கு. இடையில் ரியூபுக்குள் காற்றுக் குமிழ் புகுந்து, ஐந்தாவது குறி பிழைத்து, திரும்பக் கோயிலிலிருந்து தொடங்கினோம். மொத்தம் 17 தாவல். காணி மூலையில் பார்த்தால் கறை நிலத்துக்கு மேல் 2 அடி 4 அங்குலம்.

காணியை 3 அடி உயர்த்துவோம் என்று அறிக்கை சொல்கிறது. அப்படியானால் புதிய வீடுகளுக்கு வெள்ளம் வராது. சரி. ஆனால் அந்த 2 அடி 4 அங்குலத் தண்ணீர் எங்கே போகும்? கிழக்கே எங்கள் ஒழுங்கைகள் இருக்கின்றன. அறிக்கை முழுக்கத் தேடினேன். புதிய வீட்டுக்கு வெள்ளம் வருமா என்று கேட்டு, வராது என்று பதிலும் எழுதியிருந்தார்கள். பழைய வீட்டுக்கு வருமா என்ற கேள்வியே அதில் இல்லை. எந்த நிரப்பு வேலையிலும் நீங்கள் முதலில் தேடவேண்டியது இதைத்தான்.

கொஞ்சம் எண்கணக்கும் போடுங்கள். 11 ஏக்கரை 3 அடி உயர்த்த 14,37,480 கன அடி மண் வேண்டும், அதாவது, 100 கன அடி ஒரு கியூப் என்ற கணக்கில், 14,375 கியூப். டிப்பருக்கு 3 கியூப் என்றால் கிட்டத்தட்ட 4,800 லோட். ஒரு நாளைக்கு 40 என்றாலும் 120 நாள் எங்கள் பள்ளிக்கூடத் தெருவால் ஓடும். கிரவல் எந்த இடத்தில் வெட்டுவது, அங்கே அனுமதி இருக்கிறதா? அறிக்கையில் "அங்கீகரிக்கப்பட்ட இடத்திலிருந்து" என்று மட்டும் இருந்தது. இடத்தின் பெயரைக் கேளுங்கள்.

கிணறும் மலக்குழியும் அடுத்தது. எங்கள் பக்கம் மணல் நிலம், நல்ல தண்ணீர் மேலேயே கிடக்கும், அழுக்கும் அதே வேகத்தில் இறங்கும். கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 50 அடி இடைவெளி என்று பொதுவாகச் சொல்வார்கள். 10 பேர்ச் என்பது 2,722 சதுர அடி, 40 அடிக்கு 68 அடி என்று வையுங்கள். அந்தச் செவ்வகத்தில் வீட்டையும் கிணற்றையும் குழியையும் தாளில் வரைந்து பாருங்கள், பிறகு பக்கத்துக் காணியின் குழியையும் வரையுங்கள். என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்த நேரம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இவங்க தண்ணியக் குடிக்கவா போறாங்க?" என்று கேட்டார். குழாய்நீர் கொடுப்பதாக இருந்தால், நீர் வழங்கல் சபை தர ஒப்புக்கொண்ட கடிதம் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். "வழங்கப்படும்" என்ற சொல் கடிதம் ஆகாது.

குழிச் சோதனையையும் மாரியில்தான் செய்யவேண்டும். அவர்கள் காணிக்குள் நுழையவேண்டாம், வழக்காகிவிடும். ஒட்டிய காணிக்காரரின் அனுமதியோடு நாங்கள் அலவாங்கால் ஒரு குழி இடித்தோம். ஒன்றரை அடியில் மண் கறுத்து, பக்கச்சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்தது. கால்மணி நேரத்தில் அடியில் ஒரு சாண் நின்றது. அப்படிப்பட்ட இடத்தில் உறிஞ்சுகுழி எதை உறிஞ்சும்? அடிக்கோலை நட்டு, திகதி தெரியப் படம் எடுத்தோம்.

பொது ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு சொல். நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதியில், குறித்த அளவுக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் 10 சதவீதம் பொதுத்தேவைக்கு விடவேண்டும். விற்காத மூலைப் பள்ளத்தை "விளையாட்டுத் திடல்" என்று அதற்குத் தள்ளுவார்கள். பலருக்கு இதில் கோபம். நான் அதை எதிர்க்கமாட்டேன். பள்ளம் பள்ளமாகவே கிடக்கட்டும், நிரப்பக்கூடாது என்று மட்டும் எழுதிக் கேட்பேன்.

கடிதம் எழுதும்போதுதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். எங்கள் சங்கத்தின் முதல் வரைவு இப்படி இருந்தது: "இத்திட்டத்தினால் எமது கிராமம் அழியும் அபாயம் உள்ளதால் உடனடியாக நிறுத்தவும்." இதற்குத் திட்டக்காரர் தரும் பதில் ஒரே வரி: அழியாது. கருத்துகளைத் திட்டக்காரருக்கு அனுப்பி எழுத்தில் பதில் கேட்பது நடைமுறை. ஆகவே ஒரே வரியில் தப்ப முடியாதபடி எழுதவேண்டும். நாங்கள் திருத்தியது: "பக்கம் 47இல் இயற்கை வடிகால் இல்லை என உள்ளது. டிசம்பர் 9 காலை 6.30க்கு, இணைப்பு 2இல் காட்டிய இடத்தில் 14 அங்குல ஆழ நீர் மேற்கு நோக்கி ஓடியது, படம் 3. மாரிகாலத்தில் மீண்டும் அளந்து, இந்த நீரை எடுக்கும் வடிகாலின் அகலத்தையும் முடியும் இடத்தையும் வரைபடத்தில் காட்டவும்."

ஒரு பந்தியில் ஒரு விடயம், பக்க இலக்கம், என்ன செய்யவேண்டும் என்ற கோரிக்கை. அவ்வளவுதான். தமிழிலேயே எழுதுங்கள், வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. 200 பேர் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தைவிட, தன் கிணற்றையும் தன் படலையையும் பற்றி ஆளுக்கொரு பக்கம் எழுதிய 15 கடிதம் கனம் கூடியது என்பது என் அனுபவம். ஆற்றில் வலைவீசும் ஒரு பெரியவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "முகத்துவாரம் வெட்ட முன்னம் தண்ணி எங்க நிக்கும் எண்டு எழுது மனே" என்றார். ஆற்றுவாய் அடைபட்டிருக்கும் நாட்களில் வாவி மட்டம் ஏறிநிற்பதைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. எங்கள் கடிதங்களிலேயே நல்ல கடிதம் அதுதான். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் மேலே போக நீதிமன்றம்தான் வழி, அதற்குச் சட்டத்தரணியிடம் போங்கள். பெரும்பாலும் வருவது நிபந்தனையோடு கூடிய அனுமதி. எங்களுக்கும் அதுதான். மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசைத் துண்டுகள் போய் அந்த இடம் வடிகாலானது, அது முடியும் இடத்தில் பெட்டி மதகு கட்டவேண்டும் என்று 11ஆம் நிபந்தனை. அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கிய பிறகு அதுதான் உங்கள் அடிக்கோல். பெட்டி மதகுக்குப் பதில் அவர்கள் இரண்டு ஹியூம் பைப், அதாவது வட்டக் கொங்கிரீட் குழாய், இறக்கினார்கள். நாங்கள் பைப்பின் விட்டத்தை அளந்து, 11ஆம் நிபந்தனையையும் அதையும் ஒரே தாளில் எழுதி, படத்தோடு அனுமதி கொடுத்த இடத்துக்கு அனுப்பினோம். மூன்றாம் கிழமை பெக்கோ வந்து பைப் இரண்டையும் கிளறி எடுத்தது.