நிலாவைப் பூமி இழுக்கிறது, சரி, பூமியை?

மும்பை செம்பூரில் எங்கள் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஈர்ப்பு விசைச் சூத்திரம் தலைகீழாகத் தெரியும். அதைக் கோளுக்கும் அதன் நிலவுக்கும் பொருத்தச் சொன்னால்தான் சிக்கல். பெரியது இழுக்கும், சிறியது இழுபடும் என்ற எண்ணம் குறுக்கே வந்து நின்றுவிடுகிறது. இந்தப் பாடத்தில் நான் பார்க்கும் தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைப்பவை.

பூமியின் நிறை நிலாவைப்போல 81 மடங்கு. ஆகவே பூமி 81 மடங்கு பலமாக இழுக்கிறது என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் விசை ஒரே அளவுதான்: 2-க்குப் பின்னால் 20 பூஜ்ஜியம் போட்டால் வரும் அத்தனை நியூட்டன், ஏறத்தாழ. மாறுவது முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம். அதே விசைக்கு நிலா அதிகம் அசைகிறது, பூமி கொஞ்சம் அசைகிறது. இரண்டுமே ஒரு பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன. அது பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,670 கி.மீ. தள்ளி, பூமிக்கு உள்ளேயே இருப்பதால் நாம் பூமியை அசையாமல் நிறுத்திப் படம் வரைந்துவிடுகிறோம். புளூட்டோவுக்கும் அதன் நிலவான சாரனுக்கும் அப்படி வரைய முடியாது. புளூட்டோவின் நிறை சாரனைப்போல 8 மடங்குதான் என்பதால் அந்தப் புள்ளி புளூட்டோவுக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறது.

அடுத்தது பெற்றோரே சொல்லிக்கொடுத்து அனுப்புவது: "ஈர்ப்பை மையவிலக்கு விசை சமன்செய்கிறது, அதனால்தான் நிலா விழவில்லை." விசைகள் சமனாகிவிட்டால் நிலா நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்க வேண்டுமே, ஏன் வளைகிறது? அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நிலா இருக்கும் தூரம் பூமியின் ஆரத்தைப்போல சுமார் 60 மடங்கு. தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஈர்ப்பு குறையும் என்பதால் அங்கே அதன் வலு இங்கிருப்பதில் 3,600-ல் ஒரு பங்கு. இங்கே கையிலிருந்து விட்ட கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் இறங்கும்; நிலா ஒரு நொடியில் பூமிப்பக்கம் இறங்குவது சுமார் 1.4 மில்லிமீட்டர். அதற்குள் பக்கவாட்டில் 1 கி.மீ. ஓடிவிடுவதால் தரையைத் தொடுவதே இல்லை. நியூட்டன் தன் விதியைச் சோதித்துப் பார்த்ததும் இதே கணக்கை வைத்துத்தான். (தூரத்தை மையத்திலிருந்து அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்து கோட்டைவிடுபவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.)

மும்பைக்காரர்கள் அதிகம் தடுமாறுவது கடலில். நிலா தண்ணீரைத் தன் பக்கம் தூக்குகிறது, அதனால் ஓதம் (கடல் மட்டம் ஏறி இறங்குவது) ஏறுகிறது என்பார்கள். அப்படியானால் நாளுக்கு ஒரு முறைதான் ஏற வேண்டும். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதையோ பெரும்பாலான நாட்களில் இரண்டு முறை தண்ணீருக்குள் போகிறது, சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளியில். வேலையைச் செய்வது இழுவிசை முழுவதும் இல்லை, இடத்துக்கு இடம் அதில் உள்ள வித்தியாசம். நிலாவை நோக்கிய பக்கத்தில் பூமியின் மையத்தைவிட இழுப்பு கூடுதல், எதிர்ப்பக்கத்தில் குறைவு. அதனால் இரு பக்கமும் கடல் புடைக்கிறது. இந்த வித்தியாசம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சூரியன் பூமியை நிலாவைவிட 170 மடங்குக்கும் மேல் பலமாக இழுத்தும், ஓதத்தில் அதன் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லாததற்கு அதுதான் காரணம்.

பௌர்ணமியில் நிலா முழுதாக இருப்பதால் அதிகம் இழுக்கிறது என்பதும் தப்பு. நிலாவின் வெளிச்சத்துக்கும் நிறைக்கும் சம்பந்தமில்லை. அமாவாசையிலும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்பதால் அன்றும் ஓதம் அதே அளவு பெரிதாகும். அப்புறம் கடற்கரையின் அமைப்பு. மும்பையில் ஓதம் 5 மீட்டரை நெருங்கும் நாட்கள் உண்டு. சென்னையில் சுமார் ஒரு மீட்டர்தான். நிலா ஒன்றுதான். மும்பைக்கு எதிரே ஆழமில்லாத கடலடித் திட்டு வெகுதூரம் போகிறது, சென்னைக்கு எதிரே அது குறுகல்.

உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், ஆகவே பௌர்ணமி மனதை ஆட்டும் என்று குடும்பக் குழுவில் யாராவது ஒரு மாமா அனுப்புவார். பூமியின் விட்டம் 12,742 கி.மீ.; அதனால் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் வருகிறது. தலைக்கும் காலுக்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இல்லாத நமக்கு என்ன வரும்?

நிலாவைப் பூமியைவிடச் சூரியன் இரண்டு மடங்குக்கும் மேல் பலமாக இழுக்கிறது என்று கேட்டதும், பிறகு நிலா ஏன் ஓடிப்போகவில்லை என்று கேட்பார்கள். சூரியன் பூமியையும் கிட்டத்தட்ட அதே முடுக்கத்தோடு இழுப்பதால் இரண்டும் சேர்ந்தே போகின்றன. இங்கேயும் பார்க்க வேண்டியது வித்தியாசத்தைத்தான்.

கடைசியாக, நிலா நம்மைவிட்டு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுவதைப் பார்த்து, ஈர்ப்பு பலவீனமாகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். பூமி 24 மணி நேரத்தில் சுழல்கிறது, நிலா சுற்றிவர 27.3 நாள் ஆகிறது. வேகமாகச் சுழலும் பூமி தன் கடற்புடைப்பை நிலாவுக்குச் சற்று முன்னே கொண்டுபோகிறது. அந்தப் புடைப்பு நிலாவை முன்னோக்கி இழுத்து வெளியே தள்ளுகிறது. செவ்வாயின் நிலவான போபோஸ் 7 மணி 39 நிமிடத்தில், செவ்வாய் சுழல்வதைவிட வேகமாக, சுற்றிவிடுவதால் அங்கே கதை தலைகீழ், அது நெருங்கி வருகிறது. நேரத்தை மட்டும் ஒப்பிட்டு விடை எழுதினால் நெப்டியூனின் நிலவான டிரைட்டானில் மாட்டிக்கொள்வீர்கள். அது சுற்ற ஏறத்தாழ 6 நாள் எடுத்தும் நெருங்கித்தான் வருகிறது, ஏனென்றால் நெப்டியூன் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது.