புரோநோட்டு எழுதும்போது பலரும் செய்யும் தவறுகள்

கடன் வாங்கியவர் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் புரோநோட்டு. தெரிந்தவர்தானே என்று கைமாத்தாகப் பணம் கொடுத்துவிட்டு, ஒரு தாளில் கையெழுத்து மட்டும் வாங்கி பீரோவில் வைத்துக்கொள்கிறார்கள். பணம் திரும்ப வராமல் வக்கீலைப் பார்க்கப் போகும்போதுதான் அந்தத் தாளில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டவில்லை என்பது தெரியவருகிறது. வேறு பல ஆவணங்களில் முத்திரைத் தீர்வை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துவிடலாம். புரோநோட்டுக்கு அந்த வழியே கிடையாது, 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு அதை அடைத்துவிட்டது. கோர்ட் அந்தத் தாளைச் சாட்சியமாக ஏற்காது. ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்பின் மேலும் பாதி தாளிலும் விழும்படி வாங்குங்கள்.

அடுத்தது வாசகம். "வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது அசலும் வட்டியும் செலுத்தி" என்று பழைய நோட்டுகளில் வருவதை அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். புரோநோட்டுக்குச் சாட்சிக் கையெழுத்து கட்டாயமில்லை. ஆனால் இந்த வாசகம் இல்லாமல் சாட்சிக் கையெழுத்து மட்டும் இருந்தால், அது கடன் பத்திரம், அதற்கு முத்திரைத் தீர்வை அதிகம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும். "நிலம் விற்றதும் தருகிறேன்" என்று நிபந்தனை போட்டு எழுதினாலும் அது புரோநோட்டு ஆகாது.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கவிழ்ப்பது, வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு. வேண்டும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு, அதில் போட்ட தேதியிலிருந்தே மூன்று வருடம் ஓட ஆரம்பித்துவிடும், நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்பதைப் பொறுத்து அல்ல. நடுவில் கொஞ்சம் பணம் வந்தால் நோட்டின் பின்புறம் வரவு எழுதுவார்கள் இல்லையா, அங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது: கடன் கொடுத்தவரே தன் கையால் "5,000 வரவு" என்று எழுதிக்கொள்வார். அது போதாது. கெடு முடிவதற்குள் கடன் வாங்கியவர் பணம் கட்டி, அந்த வரவைத் தன் கைப்பட எழுதியிருக்க வேண்டும், அல்லது அதில் அவர் கையெழுத்தாவது இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டிய நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

இப்போது கடன் வாங்குகிறவர்களுக்கு. தயவுசெய்து வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி. செலாவணி முறிச் சட்டத்தின் 20ஆவது பிரிவுப்படி, ஸ்டாம்ப் ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 118ஆவது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போய், அந்த நோட்டுக்குப் பணம் கைமாறியது என்றே அனுமானிக்கிறது. ஐம்பதாயிரம் வாங்கியவர் ஐந்து லட்சத்துக்கு வழக்கைச் சந்திப்பது இப்படித்தான்; இல்லை என்று காட்டும் சுமை அவர் தலையில்தான் விழும். வெற்று செக்கும் இதே கதைதான்.

செக்கை வாங்கி வைத்திருப்பவர்களும் கெடுவைக் கவனிக்க வேண்டும். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். திரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ், அது அவர் கைக்குப் போன பிறகு பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார்.

வட்டி விகிதத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் வட்டிக்கு விடுவதையே தொழிலாகச் செய்ய 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டவை, மூன்று வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. அப்புறம், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் கடன் வாங்கியவருக்குத்தான். பேங்க் வழியாக அனுப்பினால் கொடுத்தவருக்கும் அது ஆதாரம்.

பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் எழுதி வாங்கிய எந்த நோட்டும் செல்லாது.

கடன் தீர்ந்த அன்றே நோட்டைக் கையில் வாங்குங்கள், பின்புறம் "அசலும் வட்டியும் முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கொடுத்தவரின் கையெழுத்தும் இருக்கட்டும். தொலைந்துவிட்டது, தேடித் தருகிறேன் என்று சொன்னால், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.