சாட்சியம் சொல்ல ஒருவரை அழைக்கும்போது

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நெருங்கினால் பங்குப் பேரவையில், அதாவது ஊர்க் கோயில் நிர்வாகக் கூட்டத்தில், ஒரு பேச்சு தவறாமல் எழும், கடவுள் தன் வாழ்வில் செய்ததை மக்கள் முன் சாட்சியமாகச் சொல்ல இந்த வருஷம் யாரைக் கூப்பிடலாம் என்று. உடனே பெரிய பெயர்கள் வரும். டிவியில் பேசுகிறவர், யூடியூபில் லட்சம் பேர் பார்க்கிறவர், வெளிமாநிலத்துத் தியான மையத்துப் பேச்சாளர். அவர்களை அழைப்பதில் தப்பில்லை. ஆனால் எங்கள் பங்கில் சில வருஷமாக இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மக்கள் வீட்டுக்குப் போயும் மறக்காமல் இருந்த பகிர்வுகள் பெரும்பாலும் அடுத்த தெருக்காரர், அடுத்த அன்பியத்துக்காரர் (அன்பியம் என்பது பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழு), பக்கத்துப் பங்கின் ஓய்வுபெற்ற நர்ஸ் என்று இப்படிப்பட்டவர்கள் சொன்னவைதான்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. புனித தேவசகாயத்தின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்டவர்மா காலத்துத் திருவிதாங்கூர் அரசில் நல்ல பதவியில் இருந்தவர். வீட்டில் ஆடுமாடு சாகிறது, பயிர் அழிகிறது, ஒன்றன்பின் ஒன்றாக நஷ்டம், மனுஷன் ஒடிந்துபோயிருக்கிறார். அப்போது அவரோடு பேசியவர் டிலனாய், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி. கூட்டமும் இல்லை, மேடையும் இல்லை. நஷ்டப்பட்ட ஒருவரிடம், விவிலியத்தில் வரும், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்துக்குப் போய்த் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். தொடக்கம் என்னவோ குருவோ துறவியோ அல்லாத ஒரு பொதுநிலையினர் இன்னொருவரிடம், அவருடைய துக்கத்துக்குப் பொருத்தமான ஒரே ஒரு கதையைச் சொன்னதுதான். ஆள் தேடும்போது நான் மனதில் வைத்துக்கொள்வது இதைத்தான். இந்த வருஷம் நம் பங்கில் யாருக்கு என்ன வலி, அந்த வலியைத் தாண்டி வந்தவர் யார் என்று முதலில் யோசியுங்கள். குடியால் நாலு வீடு சிதைந்திருக்கிறதா, குடியை விட்டு ஐந்தாறு வருஷம் ஆனவரைத் தேடுங்கள். இளைஞர்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்களா, அப்படி நிறுத்தித் திரும்பி வந்தவர் யாராவது இருப்பார். பேச்சுத் திறமையைக் கடைசியில் பார்த்தால் போதும். மனமாற்றம் நடந்து ஒரு மாதம்கூட ஆகாதவரை மட்டும் மேடை ஏற்றாதீர்கள். அந்த மாற்றம் வேர் பிடிக்கட்டும், அவர் நல்லதுக்காகவே சொல்கிறேன்.

ஆள் கிடைத்துவிட்டால் அடுத்த வேலை பங்குத்தந்தையிடம் சொல்வது. வெளியூர்க் குருவோ துறவியோ என்றால், மறைமாவட்ட அளவில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தேதி குறித்து, நோட்டீஸ் அடித்து, அப்புறம் போய்ச் சொல்வது மரியாதையும் இல்லை, வேலைக்கும் ஆகாது.

எங்கே, எப்போது என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஞாயிறு திருப்பலியில் மறையுரைக்குப் பதிலாக அவரையே பேச விட்டுவிடலாமே என்பார்கள். முடியாது. மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது என்று திருச்சபைச் சட்டம் 767 தெளிவாகச் சொல்கிறது. பொதுநிலையினர் கோயிலில் பேசவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை, அதற்கு முந்தைய 766ஆம் சட்டமே தேவைப்படும் சூழலில் அதற்கு இடம் கொடுக்கிறது. 2004இல் வத்திக்கான் வெளியிட்ட திருவழிபாட்டு அறிவுறுத்தல் இன்னும் விளக்கமாகச் சொல்கிறது: பொதுநிலையினரின் சாட்சியம் திருப்பலிக்கு வெளியே இருப்பதே நல்லது, முக்கியமான காரணம் இருந்தால் திருவிருந்துக்குப் பிந்தைய மன்றாட்டு முடிந்ததும் பேசலாம், ஆனால் அதை வழக்கமாக்கக் கூடாது, மறையுரை என்று மக்கள் குழம்பிக்கொள்ளவும் கூடாது. எனக்கு இதில் வருத்தமே இல்லை, ஏனென்றால் திருப்பலிக்கு வெளியேதான் சாட்சியம் நன்றாக எடுபடுகிறது. ஞாயிறு காலை பூசை முடிந்ததும் அம்மாக்களுக்குச் சமையல் ஞாபகம், அப்பாக்களுக்குக் கறிக்கடை ஞாபகம். தவக்கால வெள்ளியில் சிலுவைப்பாதை முடிந்த பிறகு, நவநாளில் ஒரு மாலை, அக்டோபரில் வீடுவீடாகச் செபமாலை நடக்கும்போது, இவையெல்லாம் நல்ல நேரங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அன்பியக் கூட்டம். பதினைந்து இருபது பேர், பிளாஸ்டிக் நாற்காலி, மைக் தேவையில்லை, பேசுகிறவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பேசலாம். புதிதாகப் பேசுகிறவரை முதலில் அங்கேதான் பேச வையுங்கள்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருகிறேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியாவது அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள். "என்ன பேசப் போறீங்க" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி பதில்தான் சொல்வார்கள், இறைவன் எனக்குச் செய்த நன்மைகளைப் பற்றி என்று. அதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தால், கூட்டத்தன்றும் அதே பொதுவான பேச்சுதான் வரும். அந்த நாள் நீங்க எங்க இருந்தீங்க, கூட யார் இருந்தாங்க, அவங்க சொன்ன வார்த்தை என்ன, மறுநாள் காலையில எழுந்ததும் என்ன செஞ்சீங்க என்று கேளுங்கள்.

ஒருமுறை ஓர் அக்காவைப் பேச அழைத்தோம். வின்சென்ட் தே பவுல் சபையில் பல வருஷமாக இருப்பவர். 1833இல் பாரிசில் ஓசானாமும் அவருடைய மாணவ நண்பர்களும் தொடங்கிய நாள் முதல் அந்தச் சபையின் உயிரே ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போவதுதான். அக்கா நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார், பிறரன்பு, தியாகம், சமூக மேம்பாடு என்று. படித்துக் காட்டினார், ஒன்றுமே மனதில் ஒட்டவில்லை. சரி, போன வாரம் யார் வீட்டுக்குப் போனீங்க, அங்க என்ன செஞ்சீங்க என்று கேட்டேன். "ஒண்ணும் பெருசா இல்ல தம்பி, படுத்த படுக்கையா ஒரு பாட்டி இருக்காங்க, போய் உட்காருவேன், நகம் வெட்டி விடுவேன்" என்றார். கைப்பையைத் திறந்து நகவெட்டியை எடுத்துக் காட்டினார், ஓரம் துருப்பிடித்த சின்ன நகவெட்டி. பாட்டியின் கால் நகம் தடித்துப்போய்விட்டதால் முதலில் வெந்நீரில் துணியை நனைத்துக் கால் மணி நேரம் சுற்றி வைப்பாராம். அந்தக் கால் மணி நேரத்தில்தான் பாட்டி பேசுவாராம், இறந்துபோன மகனைப் பற்றி. நாலு பக்கத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு இதை மட்டும் சொல்லுங்க அக்கா என்றேன். கூட்டத்தன்று எட்டு நிமிஷம்தான் பேசினார், கை நடுங்கியது, குரல் இரண்டு இடத்தில் அடைத்தது. கோயிலில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

பணி பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும், வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னாரே, நாம் பெருமையடிப்பது ஆகிவிடாதா என்று. நியாயமான தயக்கம். செய்த வேலையின் கணக்கைச் சொல்லாமல், போன இடத்தில் தான் கற்றுக்கொண்டதைச் சொல்லச் சொல்லுங்கள், பெருமை தானாக விலகிவிடும். உதவி பெறுகிறவரின் பெயர், தெரு, அடையாளம் எதுவும் வரக்கூடாது. மேலே சொன்ன பாட்டி எந்த ஊர் என்று எனக்கே தெரியாது, அக்கா கடைசி வரை சொல்லவில்லை. மரியாயின் சேனை என்ற பொதுநிலையினர் அமைப்பில் இருப்பவர்களிடம் இந்தப் பழக்கம் இயல்பாகவே இருக்கும், வாராவாரம் தங்கள் பணியைச் சுருக்கமாக அறிக்கை சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள், கேட்டதை வெளியே கொண்டுபோகாதவர்கள். பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் அவர்கள் பக்கம் பாருங்கள்.

அடுத்தது மனமாற்றச் சாட்சியம். நம் மொழியில் மனமாற்றம், மதமாற்றம் என்று இரண்டு சொல் இருப்பது பெரிய உதவி, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கராக இருப்பவருக்கும் மனமாற்றம் வேண்டும். வேறு சமயத்திலிருந்து வந்தவர் பேசும்போது, தான் விட்டுவந்த சமயத்தையோ அதன் சாமியையோ வழிபாட்டையோ ஒரு வார்த்தைகூடத் தாழ்த்திப் பேசக்கூடாது என்பதை முன்கூட்டியே, நேராக, அன்பாகச் சொல்லிவிடுங்கள். சட்டப் பிரச்சினைக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. மற்றச் சமயங்களில் உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லியிருக்கிறது. அவருடைய அப்பா அம்மா இன்றைக்கும் அந்தக் கோயிலுக்குத்தான் போகிறார்கள், அவரைப் பாசமாக வளர்த்ததும் அவர்கள்தான். கிறிஸ்து தன்னை எப்படி ஈர்த்தார் என்பதைச் சொல்லவே பத்து நிமிஷம் போதாது, இதில் பழையதைத் திட்ட நேரம் ஏது?

பழைய வாழ்க்கையின் பாவங்களை விவரமாகச் சொல்வதும் வேண்டாம். விவரம், குருவிடம் தனியாகப் பாவத்தை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு உரியது. முன்வரிசையில் மறைக்கல்விப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் எங்கோ அவர் மனைவியும் இருப்பார். கணவன், மனைவி, பிள்ளைகள் பற்றிப் பேச்சில் ஏதாவது வந்தால் அவர்களிடம் முதலில் கேட்டுச் சம்மதம் வாங்கியாக வேண்டும். நோய் குணமான சாட்சியம் என்றால் மருத்துவரையும் மருந்தையும் சேர்த்தே சொல்லட்டும். செபித்தேன், மாத்திரையை நிறுத்தினேன் என்ற பேச்சுக்கு நான் இடமே கொடுப்பதில்லை. அதைக் கேட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்த ஒரு பாட்டி கூட்டத்தில் இருக்கலாம்.

நேரம் பத்து முதல் பன்னிரண்டு நிமிஷம் போதும். மறையுரையே எட்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் குருக்களுக்குச் சொன்னார். போனில் பதிவு செய்து அவரையே கேட்கச் சொல்லுங்கள், எங்கே இழுக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். தாளில் ஐந்தாறு வரி குறிப்பு இருந்தால் போதும், முழுதாக எழுதிவைத்தால் தலை தூக்காமல் படிப்பார்கள்.

அன்றைக்கு நடக்கும் தவறுகளில் முதலிடம் வரவேற்பு நிகழ்ச்சிக்குத்தான். வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, இன்னொரு பொன்னாடை என்று அரை மணி நேரம் ஓடியபின் சாட்சியம் சொல்ல வந்தவருக்கு மைக் கிடைக்கும்போது மக்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். எங்கள் பங்கில் சண்டை போட்டு இதை மாற்றினோம்: ஒரு பாட்டு, ஒரு சின்ன வாசகம், பெயரும் ஊரும் சொல்லி ஒரே வரியில் அறிமுகம், உடனே பேச்சு. கெரசேனர் பகுதியில் பேய் பிடித்தவரை ஆண்டவர் குணமாக்கி, வீட்டுக்குப் போய் உன் உறவினரிடம் இதைச் சொல் என்று அனுப்பிய பகுதி, மாற்கு 5, வாசகத்துக்கு நன்றாகப் பொருந்தும். மைக்கை அரை மணி முன்பே அவர் கையில் கொடுத்து இரண்டு வாக்கியம் பேச வையுங்கள், உயரமான கோயில்களில் எதிரொலி அடிக்கும், மெதுவாகப் பேசச் சொல்ல வேண்டியிருக்கும். பேசி முடித்ததும் கைதட்டலுக்கும் அறிவிப்புக்கும் ஓடாதீர்கள். இரண்டு நிமிஷம் அமைதி, முடிந்தால் நற்கருணை ஆராதனை. ஒப்புரவுக்கு ஒரு குரு தயாராக இருந்தால் இன்னும் நல்லது, அந்த இரவில் வருஷக் கணக்கில் போகாதவர்கள் போவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியூரிலிருந்து வருகிறவருக்குப் பயணச் செலவு, சாப்பாடு, தேவைப்பட்டால் தங்க இடம் எல்லாவற்றையும் அழைக்கும்போதே பேசிவிடுங்கள். கடைசியில் வாசலில் வைத்துக் கவரைத் திணித்தால் இரண்டு பக்கமும் கூச்சம்தான் மிஞ்சும்.

வீடியோ எடுப்பதைப் பற்றிக் கண்டிப்பாகக் கேளுங்கள். கோயிலில் இருநூறு பேரிடம் சொல்லச் சம்மதித்தவர் உலகத்துக்கே சொல்லச் சம்மதித்தார் என்று ஆகாது. யாரோ ஒருவர் ஒரு நிமிஷத் துண்டை வெட்டி வாட்ஸ்அப்பில் போட, அது வேறு அர்த்தத்தில் சுற்றி, பேசியவர் வீட்டில் சண்டையில் முடிந்ததை நாங்கள் ஒருமுறை பார்த்துவிட்டோம். அதிலிருந்து தொடங்கும்போதே போனைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிடுகிறோம்.

பணி பற்றிய பகிர்வு என்றால் அன்றைக்கே ஒரு சின்ன வாய்ப்பும் கையில் இருக்க வேண்டும். எல்லோரும் சேவை செய்வோம் என்று முடித்தால் யாரும் வரமாட்டார்கள், சனிக்கிழமை நாலு மணிக்கு அக்காவோடு ஒரே ஒரு வீட்டுக்குப் போய்வர இரண்டு பேர் வேண்டும் என்று சொன்னால் வருவார்கள். அன்று மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று, பேசியவரை மறுநாள் மறக்காமல் போனில் கூப்பிடுங்கள். மனதைத் திறந்து சொல்லிவிட்டுப் போனவருக்கு அன்று இரவு தூக்கம் வராது, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ, யார் என்ன நினைத்தார்களோ என்று உருண்டுகொண்டே இருப்பார். போன தவக்காலத்தில் ஒரு தம்பி பேசினார், இந்துக் குடும்பத்துப் பிள்ளை, திருமுழுக்குப் பெற்று நாலு வருஷம் ஆகிறது. மறுநாள் கூப்பிட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, எங்க அம்மாவைப் பார்த்தீங்களா, எதுவும் சொன்னாங்களா?" என்பதுதான். அம்மா வந்திருந்ததே எனக்குத் தெரியாது. விசாரித்தால், கடைசி வரிசையில் தூண் ஓரமாக நெற்றியில் திருநீறோடு ஓர் அம்மா உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறார், டீ கொடுத்த பிள்ளைகளிடம் "பேசினது என் மகன்தான்" என்று சொல்லியிருக்கிறார். திரும்ப அந்தத் தம்பியைக் கூப்பிட்டு அந்த மூன்று வார்த்தையை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை.