மாசிக் காட்டைப் படம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையுதிர் காலம் என்றதும் அக்டோபரில் கேமராவோடு கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் கிளம்புவதுதான் முதல் தவறு. குளிர்நாடுகளில் இலை சிவக்கும் மாதம் அது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் அது மழைக்காலம். காடு பச்சையாக நிற்கும். இங்கே மரம் இலையைக் கொட்டுவது குளிருக்காக அல்ல, வறட்சியைத் தாங்குவதற்காக. மாசி, பங்குனியில் போங்கள்.

அப்போதும் சிவந்த இலைகளையே தேடினால் ஏமாற்றம்தான். 'எல்லாம் காய்ந்து கிடக்கிறது' என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. நம் காட்டில் நிறம் வேறு இடத்தில் இருக்கிறது: மொட்டைக் கிளையில் பூக்கும் புரசு, முள்ளிலவு, செம்பு நிறத்தில் துளிர்க்கும் அரசு, காவிரிக் கரை நீர்மருதின் வெளிறிய வழவழப்பான அடிமரம்.

பலர் சறுக்குவது புரசம்பூவில்தான். கேமரா சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாக நிறத்தைப் பதிக்கிறது; அந்த ஆரஞ்சு நிறம் சிவப்புச் சேனலை மட்டும் சீக்கிரம் நிரப்பிவிடும். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான பொதுவான ஹிஸ்டோகிராம் சரியாகவே தெரியும்; படத்திலோ இதழின் மடிப்பெல்லாம் போய் வெறும் திட்டு இருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, அரை ஸ்டாப் (கேமராவில் -0.5) குறையுங்கள். போன் என்றால் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் போதும். வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் காலை வெயிலின் மஞ்சளைக் கேமரா துடைத்துவிடக்கூடும், டேலைட்டில் வையுங்கள். அப்புறம் இன்னொரு தவறு, எடிட்டிங்கில் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றுவது. புரசுக்குப் போய் யாராவது சாயம் பூசுவார்களா!

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். வெளுத்த வானத்துக்கு எதிரே மொட்டைக் கிளைகள் வெறும் கிறுக்கலாகத் தெரியும். மலைச்சரிவு பின்னால் வரும்படி நகர்ந்து நில்லுங்கள்.

இதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடிய தவறுகள். ஒளிக்கற்றை வேண்டும் என்று சருகைக் கொளுத்திப் புகை போடுவது அப்படியல்ல. காட்டுத்தீக்குப் பேர்போன மாதங்கள் இவை. சரணாலயத்துக்குள் தீ வைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) என இரண்டு சரணாலயங்கள் இந்த மாவட்டங்களில் இருக்கின்றன. உள்ளே போய்ப் படம் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் சாலையோரம் வண்டியை நிறுத்திப் புதருக்குள் இறங்காதீர்கள்; கோடையில் தண்ணீர் தேடி யானைகள் நடமாடும். அனுமதி கிடைக்காவிட்டால் ஊர் ஏரிக்கரை அரசமரமே போதும், அதுவும் பங்குனியில்தான் துளிர்க்கிறது.